தோட்டப்புற அறிவியல் மையங்கள், மலாக்கா
மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டங்களில் பிறந்தவை. பள்ளிக்கு வெளியே கற்பிக்கும் மையங்களுக்கு நாடறிந்த முன்மாதிரி, டான் ஸ்ரீ தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். அதன் நாட்டம் தேர்வில். சோதனையின் பக்கம் பிள்ளைகளைத் திருப்பியது, அஸ்தி (ASTI) எனும் அறிவியல் இயக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நடத்தும் அறிவியல் விழா: கருதுகோள், மாறி, முடிவு எல்லாவற்றையும் பிள்ளையே விளக்க வேண்டும்.

இப்படிச் சோதனை செய்ய, தோட்டப்புற மையத்துக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஐந்தாம் படிவ வேதியியலில் வரும் ரப்பர்ப்பால் உறைதல் போதும். எதிர்மின்னேற்றம் பால்துகள்களை விலக்கி நிறுத்துகிறது. ஃபார்மிக் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னேற்றத்தைச் சமன்செய்ததும் பால் உறைகிறது. அம்மோனியா கலந்தால் உறையாது. பால்மரம் வெட்டிய பாட்டிகளுக்கு இது பழகிய வேலை. அவர்களையே விளக்கச் சொல்லலாம். அமிலத்தையும் அம்மோனியாவையும் மட்டும் பெரியவர்களே ஊற்ற வேண்டும்.