கம்பியில் கோத்த கடிதங்கள்

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், சுவாமி படங்களுக்குச் சற்று எட்டினாற்போல், ஆணியில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அடியில் வட்டமான ஒரு மரச் சில்லு. மேல்முனை கொக்கியாக வளைந்து கூராக இருக்கும். தபாலில் வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் என் தகப்பனார் அதை அந்தக் கூர்முனையில் குத்திக் கீழே இறக்கிவிடுவார். நிலவரி ரசீது, அக்காளின் பிரசவச் செய்தி, மாமாவின் கோபக் கடிதம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் கம்பியில் ஏறி உட்கார்ந்திருக்கும். சாவுச் செய்தி கொண்டுவந்த கார்டு மட்டும் அதில் ஏறாது. படித்த இடத்திலேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். "அந்த ரசீது எங்கே?" என்று யார் கேட்டாலும், "கம்பியிலே பார்" என்பதுதான் அப்பாவின் பதில்.

அந்தக் கம்பி என்றோ துருப்பிடித்துப் பழைய இரும்போடு போய்விட்டது. அதை நான் மறுபடியும் நினைத்துக்கொள்ளும்படி செய்தது, என் மேஜைக்கு வந்து சேர்ந்த ஒரு கணிப்பொறி.

நாற்பது வருஷம் பேனாவால் நாவல் எழுதினவன் நான். கை நடுங்கத் தொடங்கியதும் என் பேத்தி பிடிவாதமாக அந்தப் பொறியைக் கொண்டுவந்து வைத்து, அரைமணி நேரத்தில் பாடமும் நடத்தி முடித்துவிட்டாள்.

"தாத்தா, இப்ப தெரியுதே, இதுதான் டெஸ்க்டாப். உங்க மேஜைன்னு வெச்சுக்கோங்க. இந்த மஞ்சள் உறைதான் ஃபோல்டர். அதுக்குள்ளே ஃபைல். வேண்டாததை இந்தக் குப்பைத் தொட்டியிலே போட்டுடுங்க. வெட்டணும்னா வெட்டு, ஒட்டணும்னா ஒட்டு. அவ்வளவுதான்!"

எனக்கும் அவ்வளவுதான் என்று தோன்றியது. மேஜை எனக்குத் தெரியும், உறை தெரியும், கத்தரிக்கோலும் பசையும் என் தொழிலின் கருவிகள். தெரிந்த சொற்கள்தானே என்ற தைரியத்தில் இறங்கினேன். அந்தத் தைரியந்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு நாள், பதினொன்றாம் அத்தியாயத்தை எடுத்து நாவலின் முன்பகுதியில் சேர்க்கவேண்டும் என்று பட்டது. 'வெட்டு' என்று கட்டளையிட்டேன். அத்தியாயம் திரையிலிருந்து மறைந்தது. அந்தச் சமயம் பார்த்து டெலிபோன் மணி அடித்தது. நண்பர் ஒருவர் யாரோ ஒருவருடைய விலாசத்தைக் கேட்டார். புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டவேண்டாமா? அந்த விலாசத்தை நகலெடுத்து அவருக்கு அனுப்பிவைத்தேன். பிறகு ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு வந்து, சாவதானமாக 'ஒட்டு' என்றேன். என் கதாநாயகி வரவேண்டிய இடத்தில் ஒரு கதவிலக்கமும் தெருப் பெயரும் வந்து நின்றன! பயந்துபோய் எல்லாவற்றையும் மூடினேன். பொறி ஏதோ கேட்டது, 'ஆம்' என்றேன். அணைத்தும் விட்டேன்.

சாயங்காலம் பேத்தி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தாத்தா, வெட்டினது ஒரு பலகையிலே இருக்கும். அந்தப் பலகையிலே ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் தங்கும். நீங்க விலாசத்தை எடுத்தீங்க இல்லையா, அது ஏறினதும் இது இறங்கிடுச்சு. அதையும் சேமிச்சுட்டு மூடிட்டீங்களே..."

எட்டு நாள் எழுதிய அத்தியாயம் அது. திரும்பவும் எழுதினேன். ஆனால் ரயிலடியில் கதாநாயகியின் தாயார் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் எவ்வளவு யோசித்தும் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. மின்சாரத்தால் ஓடுகிற ஒரு பொறிக்குள் மேஜை ஏது? கத்தரிக்கோல் ஏது? பசை ஏது? இந்தப் பெயர்களையெல்லாம் யார் வைத்தார்கள்? கிடைத்ததைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் கோபம் வியப்பாக மாறியது.

கதை 1945-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த வருஷம் ஜூலை மாதம், வன்னெவர் புஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 'அட்லாண்டிக்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதன் தன் புத்தகங்களையும் கடிதங்களையும் குறிப்புகளையும் ஒரு மேஜைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டியதைத் திரையில் வரவழைக்கலாம் என்று அதில் கனவு கண்டார். அந்தக் கற்பனை மேஜைக்கு 'மெமெக்ஸ்' என்று பெயரும் வைத்தார். யுத்தம் முடிந்த சமயம், பிலிப்பைன்ஸ் நாட்டில் லெய்டே தீவில், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த இருபது வயது இளைஞன் ஒருவன், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடிசை நூல்நிலையம் ஒன்றில் இதைப் படித்தான். அவன் பெயர் டக்ளஸ் எங்கெல்பார்ட்.

படித்தது அவன் மனத்தைவிட்டு அகலவில்லை. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளரானபோது, திரையில் உள்ளதைச் சுட்டிக் காட்ட ஒரு கருவி வேண்டும் என்று எண்ணினார். அவருடைய சகா பில் இங்கிலிஷ் 1964-இல் அதைச் செய்து கொடுத்தார். ஒரு மரக்கட்டை, அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரங்கள், வால் போல ஒரு கம்பி. யாரோ அதை 'எலி' என்றார்கள். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் சுமார் ஆயிரம் பேருக்கு முன் தொண்ணூறு நிமிஷம் அவர் அதை இயக்கிக் காட்டினார். 'ஏன் இதை எலி என்கிறோம் என்று எனக்கே தெரியாது. அப்படித் தொடங்கிவிட்டது, நாங்கள் மாற்றவில்லை' என்ற கருத்தில் சபையிலேயே சொன்னார். தமிழில் அதற்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்தவர்கள் எலியை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சொன்ன பேச்சுக் கேட்காமல் அங்குமிங்கும் ஓடும் குழந்தையையும் நாம் சுட்டி என்றுதான் சொல்கிறோம். என் கைக்கு அந்த இரண்டாவது பொருள்தான் முதலில் விளங்கியது.

எலி வந்துவிட்டது, மேஜை இன்னும் வரவில்லை. 1970-இல் ஜெராக்ஸ் கம்பெனி கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியது. 1973-இல் அங்கே 'ஆல்டோ' என்ற கணிப்பொறி பிறந்தது. அதில் எழுதுவதற்கு 'பிராவோ' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதைப் பற்றி அவர்களே ஒரு கதை சொல்வார்கள். பிராவோவில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. திருத்தலாம் என்று நினைத்து, அந்தப் பொருளுள்ள 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்களை ஒருவர் தட்டிவிட்டால் என்ன ஆகும்? முதல் எழுத்து, முழுவதையும் பிடி என்னும். இரண்டாவது, அழி என்னும். மூன்றாவது, இனி வருவதைச் சேர் என்னும். நான்காவது தானே சேர்ந்துகொள்ளும். எழுதியதெல்லாம் போய் ஒற்றை எழுத்து மிஞ்சும்! இதைப் படித்தபோது, என் அத்தியாயத்துக்குத் துணை இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இந்தக் கொடுமை கூடாது என்று நினைத்தவர் லாரி டெஸ்லர். அவர் இளமையில் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு அச்சுக்குப் பக்கம் அமைத்துப் பழகியவர். அவர் ஒரு காரியம் செய்தார். கணிப்பொறியைத் தொட்டறியாத, புதிதாக வேலைக்கு வந்த ஒரு காரியதரிசிப் பெண்ணை வெற்றுத் திரைக்கு முன் உட்கார வைத்தார். திருத்தங்கள் குறித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து, "இதை நீ எப்படிச் செய்வாய், சொல்" என்று கேட்டார். அந்தப் பெண், இந்த இடத்தைச் சுட்டுவேன், நீக்குவேன். அந்த இடத்தைச் சுட்டுவேன், சொல்லை அடிப்பேன் என்று தன் வழக்கப்படி சொன்னாள். டெஸ்லர் குறித்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாக அப்போது 'ஜின்' என்ற பாடப்புத்தகப் பிரசுராலயம் இருந்தது. டிம் மோட் என்பவர் அங்கே போய், பதிப்பாசிரியர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் தாளை வெட்டினார்கள், வேறு தாளில் ஒட்டினார்கள். மோட்டும் டெஸ்லரும் அவர்களுக்காக 1975-இல் முடித்த 'ஜிப்ஸி' என்ற எழுதும் ஏற்பாட்டில் வெட்டு, நகல், ஒட்டு என்ற சொற்கள் அப்படியே வந்து அமர்ந்தன. வாசகர்கள் கவனிக்கவேண்டும்: இந்தச் சொற்கள் கணித நிபுணரின் மூளையில் பிறந்தவையல்ல. தாள்களோடு காலம் கழித்த, சரித்திரத்தில் பெரும்பாலும் பெயர் ஏறாத, குமாஸ்தாக்களும் பதிப்பாசிரியர்களும் புழங்கிய சொற்கள். வாழ்நாளெல்லாம் ஒரு கச்சேரியில் தாள்களோடு மல்லாடிய குமாஸ்தாவின் பிள்ளை நான். எனக்கு அதில் ஒரு பெருமை ஏற்பட்டது.

அதன் பிறகு மேஜை தயாராக அதிக நாள் ஆகவில்லை. காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுபோலத் திரையிலும் ஜன்னல்கள் ஒன்றை ஒன்று மறைத்துக் கிடக்கலாம் என்று காட்டியவர் ஆலன் கே. டேவிட் கான்ஃபீல்ட் ஸ்மித் என்பவர் 1975-இல் தம் ஆராய்ச்சி நூலில், திரையில் தோன்றும் சிறு படங்களுக்குக் கீழைக் கிறிஸ்தவக் கோயில்களின் புனிதப் படங்களைக் குறிக்கும் 'ஐகான்' என்ற பெயரைச் சூட்டினார். 1981 ஏப்ரலில் ஜெராக்ஸ் 'ஸ்டார்' என்ற பொறியை விற்பனைக்கு விட்டது. அதன் திரையில் உறை, இழுப்பறை, வரும் தபால் தட்டு, போகும் தபால் தட்டு எல்லாம் படங்களாக இருந்தன. விலை 16,595 டாலர்! யார் வாங்குவார்கள்? 1979-இலேயே அந்த நிலையத்தைச் சுற்றிப் பார்த்துப் போயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸின் ஆப்பிள் கம்பெனி 1983-இல் 'லிசா'வையும், 1984-இல் 2,495 டாலருக்கு 'மெக்கின்டாஷ்' பொறியையும் கொண்டுவந்தது. குப்பைத் தொட்டியும் திரையில் ஏறியது. 1985-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஏற்பாட்டுக்கு 'விண்டோஸ்', அதாவது ஜன்னல்கள், என்றே பெயர் வைத்தது. ஆபீஸ் மேஜை இப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

இனி, சொற்களின் பூர்வீகத்தைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

'டெஸ்க்' என்றால் மேஜை. 'டிஸ்க்' என்றால் பொறிக்குள் சுழலும் வட்டத்தகடு. இரண்டும் 'டிஸ்கஸ்' என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். நம் மேஜை, அலமாரி, ஜன்னல், சாவி இவையெல்லாம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டவை. ஆங்கில 'விண்டோ', காற்றின் கண் என்று பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. நம் முன்னோர் அதையே 'காலதர்' என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்தக் காலதரை மானின் கண்ணோடு சேர்த்துச் சொல்கிறது சிலப்பதிகாரம். காற்றும் கண்ணும் இரண்டு இடத்திலும் எப்படி வந்து சேர்ந்தன, பாருங்கள்!

மஞ்சள் உறைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க ஆபீஸ்களில் புழங்கிய கெட்டி உறைகள் முன்பு பிலிப்பைன்ஸில் விளையும் 'அபாக்கா' நாரிலிருந்து செய்யப்பட்டன. அபாக்கா வாழைக்குச் சொந்தக்காரச் செடி. அதனால்தான் அந்த உறைக்கு மணிலாவின் பெயர். அதன் பழுப்பு மஞ்சள்தான் இன்று திரையிலும் தெரிகிறது.

கடைசியாக 'ஃபைல்'. இது 'ஃபீலும்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஃபீலும் என்றால் நூல். பழைய நாளில் ஐரோப்பியர்கள் காகிதங்களை நூலிலோ கம்பியிலோ குத்திக் கோத்து வைத்தார்கள். அந்தக் கம்பிக்கே 'ஃபைல்' என்று பெயர். எங்கள் கூடத்தில் தொங்கியது அதுதான்! இங்கிலீஷ் அறியாத என் பாட்டி, தினமும் அந்த 'ஃபைலை'த் துடைத்து வைத்திருக்கிறாள்.

நம்மவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? 1956-இல் சென்னை மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு காரியாலயங்களில் பழக்கமான சொல் 'கோப்பு'. கோத்து வைப்பது கோப்பு. மாலை கோக்கிறோம், மணி கோக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம். ஓலைச் சுவடியில் துளையிட்டுக் கயிற்றில் கோத்தவர்கள் நம் பாட்டன்மார். புத்தகத்துக்கே 'நூல்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது; நன்னூலார் பஞ்சு நூலையும் சொல் நூலையும் ஒப்பிட்டே பேசுகிறார். லத்தீன்காரன் பிடித்த அதே நூலின் மறுமுனையைத் தமிழன் பிடித்திருக்கிறான். கோப்பை மூடும் உறை 'கோப்புறை'. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்குப் பாதிப் பயம் அன்றே போயிருக்கும்.

மீதிப் பாதி? அது போகக்கூடாது. மேஜையில் வெட்டிய துண்டு, காற்று அடிக்காதவரை, மேஜையிலேயே கிடக்கும். திரையில் வெட்டிய துண்டு அப்படிக் கிடப்பதில்லை. பழைய சொல் பழைய நடத்தையை வாக்களிக்கிறது. பொறி எல்லா இடத்திலும் அந்த வாக்கைக் காப்பாற்றுவதில்லை. குப்பைத் தொட்டி மட்டும் காப்பாற்றுகிறது: அதை நாமே காலி செய்யும்வரை, போட்டதைக் கிளறி எடுக்கலாம். மனிதன் தவறு செய்வான் என்று அறிந்தவர்கள் வைத்த தொட்டி அது.

இப்போதெல்லாம் நான் வெட்டுவதில்லை. முதலில் நகலெடுக்கிறேன், சேரவேண்டிய இடத்தில் ஒட்டுகிறேன், சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை நீக்குகிறேன். அன்றன்று எழுதியதற்கு வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைக்கிறேன். வயதானவர்கள் யாராவது இந்தப் பொறியைப் பழக நினைத்தால், அவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

போன வாரம் பேத்தி வந்தாள். அச்சுக்கு அனுப்ப நாவலின் முழுப் பிரதி வேண்டுமாம். திரையைப் பார்த்து இங்குமங்கும் தேடினாள்.

"எங்கே தாத்தா வெச்சிருக்கீங்க?"

"கம்பியிலே பார்" என்றேன்.

ஒரு கணம் விழித்தாள். அப்புறம் திரையின் மூலையில் இருந்த மஞ்சள் உறையின் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எல்லா அத்தியாயங்களும் அதில் வரிசையாக இருந்தன. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.