பச்சை இழையைத் துரத்தின ரஸ்ட்

பொட்டி தட்டுற மக்களே, இது பழைய கதைதான். பாதியில நின்னு, விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற நிரலுக்குக் கோரூட்டீன்னு 1958-லயே பேர் வச்சவர் மெல்வின் கான்வே. ஜெனரேட்டரும் அந்த வம்சம்தான்.

கிரீன் த்ரெட் வேற வகை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாம, மொழியோட ரன்டைமே ஓட்டுற இழை. ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்டாக் வேணும். ஆரம்பகால ரஸ்ட்ல இது இருந்துச்சு. ஆனா ஒரு சின்னக் கருவிக்குள்ள ஓடுற நிரலும் அந்த ரன்டைமை ஏன் சுமக்கணும்? சி நூலகத்தைக் கூப்பிடறப்பவும் தொல்லை. 2014-ல தூக்கிட்டாங்க. 2015 மே மாசம் 1.0 வந்தப்ப அது இல்லை.

அப்ப ஆயிரம் இணைப்பை ஒண்ணா கவனிக்க என்ன வழி? 2019 நவம்பர்ல, 1.39 பதிப்புல அசிங்க்-அவெயிட் வந்துச்சு (அசிங்கம் இல்லீங்க :-)). உள்ள பிரிச்சுப் பார்த்தா ஜெனரேட்டரேதான்! நிக்கிற இடத்துல தேவைப்படுற மாறிகளை மட்டும் கம்பைலர் ஸ்டேட் மெஷினா கட்டி வச்சுடுது. தனி ஸ்டாக் கிடையாது. ஓட்டுறதுக்கான நூலகத்தை நாமதான் சேர்த்துக்கணும். வேண்டாதவனுக்குச் செலவே இல்லை.

கிரீன் த்ரெட்டைக் கைவிட்ட ஜாவாவோ, 2023-ல ஜாவா 21-ல வர்ச்சுவல் த்ரெட்னு அதே யோசனையைத் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. அங்க ரன்டைம் ஏற்கெனவே வீட்டுலயே இருக்கே! ஆக, யோசனை நல்லதா கெட்டதாங்கறதைவிட, அதோட செலவு யார் தலையில விழுதுங்கறதுதான் கேள்வி. நீங்க என்ன சொல்றீங்க?