கடன் சுமையும் எண்ணெய்க் கலயமும்

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர் போன்ற ஊர்களில் மழை பொய்த்தால் விவசாயக் குடும்பங்களின் கடன் ஏறும், தூக்கம் போகும்.

கடன் கொடுத்தவர் தம் இரு மகன்களையும் அடிமைகளாக்க வந்தபோது, ஒரு கைம்பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் முறையிட்டார் (2 அரசர்கள் 4:1-7). வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்டார். ஒரு கலயம் எண்ணெய்தான் இருந்தது. அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய பாத்திரங்களெல்லாம் நிரம்பின. அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார் எலிசா.

நாமும் குடும்பமாகச் செபித்து, உள்ளதையும் கொடுக்க வேண்டியதையும் மறைக்காமல் எழுதுவோம். வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்போம். அதற்காகக் கந்துவட்டிக்குப் போக வேண்டாம். அதைத் தமிழக அரசு 2003-இல் சட்டத்தால் தடை செய்தது. மிரட்டினால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். அந்தத் தாய்க்குப் பாத்திரம் கொடுத்த அண்டை வீட்டாராக நம் பங்கு மக்களும் இருப்போம். ஆண்டவர் நம்மோடு இருக்கிறார். ஆமென்.