காரீயமும் களிமண்ணும்

இலங்கைத் தமிழில் கிராபைட்டைக் 'காரீயம்' என்போம். தமிழ்நாட்டிலோ அச்சொல் ஈயத்தைக் குறிக்கும். இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரும் ஈயத்தின் இலத்தீன் பெயரை ஒட்டி இதனைப் 'பிளம்பேகோ' என்றனர். இது உலோகமன்று, கரியே என்று 1779இல் சுவீடன் வேதியியலாளர் சீலே காட்டினார். ஆயினும் உலோகத்தைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும் விந்தையான கரி இது.

சபரகமுவ என்றதும் இரத்தினபுரியின் மாணிக்கமும், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வரும். அம்மாகாணத்தின் கேகாலை மாவட்டத்திலுள்ள போகல சுரங்கத்தில், பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் காரீயம் கிடைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தூய கரி. வணிக அளவில் இத்தகைய நரம்புக் காரீயம் தோண்டும் நாடு இலங்கையே.

இக்கரிக்குத் துணையாக வந்தது களிமண். பிரித்தானியாவுடனான போரால் காரீயம் கிட்டாமற்போன பிரான்சில், தூளாக்கிய காரீயத்தைக் களிமண்ணுடன் பிசைந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு 1795இல் கொன்டே காப்புரிமை பெற்றார். உலோகம் உருக்கும் மூசைகளும் இக்கலவையால் செய்யப்பட்டன. அமெரிக்காவின் டிக்சன், இலண்டனின் மோர்கன் நிறுவனங்கள் அதற்கு இலங்கைக் காரீயத்தையே பெரிதும் நாடின.

மின்னியலிலும் அதே சூத்திரந்தான். களிமண் மின்சாரத்தைக் கடத்தாது. கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வழியாகவே மின்னோட்டம் செல்லும். களிமண் கூடக்கூட அத்தொடர்புகள் அறுந்து தடை உயரும். கலவை விகிதத்தை மாற்றியே சில ஓம் முதல் பல மெகா ஓம் வரை தடையிகள் செய்தார்கள். காகிதத்தில் பென்சிலால் அழுத்திக் கோடிட்டு மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். கோடு நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாம் செவிமடுத்த வால்வு வானொலிகளுக்குள், நிறவளையம் பூண்டு இருந்தவை கரிக்கலவைத் தடையிகளே. கரித்தூளும் சுட்ட மண்தூளும் பிசினும் சேர்ந்த அச்சிறு உருளைகள் நமக்குக் கப்பலேறி வந்தன. நம் காரீயமோ பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிப் போயிற்று.

சுரங்கங்கள் 1971இல் அரசுடைமையாயின; அவற்றுட் சில பின்னர் மீண்டும் தனியார்வசமாயின. உடைமை மாறியதே மிகுதி. நானூறு மீற்றருக்கும் கீழே இறங்கித் தோண்டியவன் எடைக்குக் கூலி பெற்றான். பிசையும் விகிதம் அறிந்தவனே விலை வைத்தான். மண் நம்மிடமும் இருந்தது. கைக்கொள்ளத் தவறியது அந்த விகிதத்தைத்தான்.