கால் ஏக்கர் நிலம்

கொழும்பு அருங்காட்சியகத்தைக் காணச் செல்வோர், அதன் முகப்பில் நிற்கும் சிலையொன்றைக் கடந்தே உள்ளே நுழைய வேண்டும். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சர் வில்லியம் கிரிகரியின் சிலை அது. அவர் காலத்தில் எழுந்த அக்கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் நம்மவரான வாப்பிச்சி மரைக்கார். 1877இல் கட்டடம் திறக்கப்பட்டபோது, வேண்டும் பரிசு யாது என ஆளுநர் வினவினாராம். வெள்ளிக்கிழமைதோறும் இதனை மூடி வைத்தால் போதும் என்று மரைக்கார் விடை பகர்ந்தாராம். ஆளுநரும் மனமுவந்து இசைந்தார் என்று இலங்கை முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நல்ல செய்திதான். நாமும் அதனைப் பலமுறை மகிழ்வோடு கேட்டிருக்கிறோம்.

ஆயினும் இதே கிரிகரியின் பெயரை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கும் கடற்கரை ஒன்றுண்டு. அது அவர் பிறந்த நாடாகிய அயர்லாந்தின் மேற்குக் கரை. ஆங்கே அவர் பெயரால் வழங்குவது கட்டடமன்று. சட்டத்தின் ஒரு பிரிவு. ‘கால் ஏக்கர் பிரிவு’ என்றும் ‘கிரிகரி பிரிவு’ என்றும் அதனைச் சொல்வர். அப்பிரிவின் கொடுமையை உணர வேண்டுமாயின், முதலில் அக்கரையின் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிதல் வேண்டும். அதற்கு மேயோ மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்தின் கை மிகக் கடுமையாக விழுந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று.

மேயோ என்பதற்கு ஐரிஷ் மொழியில் ‘யூ மரங்களின் சமவெளி’ என்று பொருள். பெயரில்தான் மரம், கடலோரப் பகுதியில் மரத்தைத் தேடித்தான் காண வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலின் காற்று ஓயாது வீசும் மண் அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெளிந்தும் மடிந்தும் செல்லும் கரை. தீவுகள் நிறைந்த கிளூ விரிகுடா. அயர்லாந்தைச் சூழ்ந்த தீவுகளுள் பெரியதான அக்கில். வடக்கே எரிஸ் என்னும் தனித்த பகுதி. உள்ளே திரும்பினால் மலைச்சரிவெங்கும் கறுத்த சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவரங்கள் மக்கி அடுக்கடுக்காகப் படிந்த கரிமண் அது. மக்கள் அதனைச் செங்கல் வடிவில் வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, அடுப்பெரித்தார்கள். விறகில்லாத நாட்டில் அதுவே விறகு. 1930களில் பெல்டெரிக் என்னும் சிற்றூரின் பள்ளி ஆசிரியர் பாட்ரிக் கால்ஃபீல்டு, கரிமண் வெட்டிய இடத்தில் அடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டார். பின்னர் அவர் மகன் சீமஸ் ஆராய்ந்தபோது, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வயல்களின் மதில்கள் சதுப்புக்குள் மைல் கணக்கில் புதைந்திருப்பது தெரிய வந்தது. கெய்டு வயல்கள் என இன்று அதனை அழைக்கின்றனர். உழவர் கட்டிய வேலிகளை மண் விழுங்குவது அக்கரையில் புதிய கதையன்று போலும்!

இத்தகைய மண்ணில் 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 3,89,000 மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர் என்றால் வாசகர்கள் வியப்படைவர். பதினேழாம் நூற்றாண்டில் குரோம்வெல்லின் ஆட்சி, கிழக்கிலும் தெற்கிலும் நல்ல நிலங்களைப் பறித்துக்கொண்டு, கத்தோலிக்க நிலவுடைமையாளரை ஷானன் ஆற்றுக்கு மேற்கே தள்ளிற்று. காலப்போக்கில் நிலம் ஒரு சில பிரபுக்களின் கையில் குவிந்தது. குடியானவர் அதனைத் துண்டு துண்டாகக் குத்தகைக்குப் பிடித்தனர். தந்தையின் துண்டை மக்கள் மேலும் கூறு போட்டனர்.

கடலோரச் சிற்றூர்களில் ‘ரண்டேல்’ என்றொரு முறை இருந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிலத்தைப் பிடிக்கும். நல்ல மண், நடுத்தர மண், கெட்ட மண் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று ஒதுக்கப்படும். சில ஊர்களில் கீற்றுகளை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒருவனே நல்ல மண்ணை ஆண்டுவிடலாகாது என்னும் நியாயம் அதற்குள் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலம் இருபது முப்பது இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒருவன் மாடு மற்றொருவன் பயிரை மேய்ந்ததனால் எழுந்த வழக்குகளுக்கோ குறைவில்லை. கோடையில் இளைஞரும் பெண்டிரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மேட்டுக்குச் சென்று, அங்கேயே குடிசைகளில் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் கடைவர். அக்கில் தீவில் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது.

வீடுகளைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பாளர் அயர்லாந்தின் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தனர். ஒரே அறை கொண்ட மண் குடிசை நான்காந்தரம். மேயோவின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்நான்காந்தரத்தையே சேர்ந்தன. பன்றியும் கோழியும் அதே கூரையின் கீழ்.

உணவு உருளைக்கிழங்கு. அதனோடு மோர் கிடைத்தால் விருந்து. உழைக்கும் ஆண்மகன் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கிழங்கு உண்டான் என்பர். சரிவுகளில் மண்ணை மேடுகளாக அணைத்து, இடையே நீர் வடியப் பள்ளம் விட்டு, கடற்பாசியை எருவாக இட்டுக் கிழங்கு நடுவர். புயல் ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில், பாசி ஒதுங்கிய கரைக்கு ஊரே திரண்டோடும். நனைந்த பாசியைக் கூடையில் ஏற்றி முதுகில் சுமந்து மலையேறுவதில் பெண்களின் பங்கு பெரிது. அந்தப் பாசிக்கும் பல இடங்களில் பிரபுவின் ஆட்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கடல் எறிந்த குப்பைக்கும் வாடகை! ஓட்ஸ் தானியமும் பன்றியும் வீட்டில் இருந்தனதாம். ஆனால் அவை உண்பதற்கல்ல, குத்தகை கட்டுவதற்கு. அதுவும் போதாதபோது ஆண்கள் அறுவடைக் காலத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கூலிக்குச் சென்றனர். சபராளியின் வீட்டு வாசலில் அமர்ந்து கடலை நோக்கும் பெண்களைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தக் கரையின் கோடை மாதங்களை ஊகிப்பது அரிதன்று.

1845இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய கருகல் நோய் கிழங்கைத் தாக்கிற்று. 1846இல் பயிர் அறவே அழிந்தது. ஒரே இரவில் வயல் கறுத்து நாறியதைக் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர்.

இங்கே எவருக்கும் எழும் வினா ஒன்றுண்டு. காலடியில் கடல் இருக்க, அதில் மீன் இருக்க, இம்மக்கள் ஏன் பட்டினியால் மடிந்தனர்? லண்டனிலும் அன்று பலர் இவ்வாறு கேட்டனர். மக்களின் சோம்பலே காரணம் என்று விடையும் கண்டுகொண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் இதே கிளூ விரிகுடாவில் ஓமேலி குலத்தார் கப்பற்படை நடத்தினர். அக்குலத்துப் பெண் தலைவி கிரேஸ் ஓமேலி 1593இல் எலிசபெத் அரசியாரை நேரில் கண்டு வாதாடியவர். ஆகவே கடலுக்கு அஞ்சிய இனமன்று அது. ஆனால் 1840களில் அவர்கள் வழியினரிடம் எஞ்சியிருந்தது ‘கரக்’ என்னும் சிறு படகு. மெல்லிய மரச்சட்டத்தின்மேல் தோலோ, தார் பூசிய துணியோ போர்த்தியது. அமைதியான நாளில் கரையோரம் செல்ல அது போதும். ஆழ்கடல் மீனைத் தேடிக் குளிர்காலத்து அட்லாண்டிக்கில் இறங்க அது உதவாது. பெரிய படகு கட்ட மரமில்லை, முதலில்லை, ஒதுங்கத் துறையில்லை, பிடித்ததைப் பதப்படுத்தப் போதிய உப்பில்லை, விற்கச் சந்தை அருகில் இல்லை. இவை போதாவென்று, முதற் பசியின் மாதங்களிலேயே மேற்குக் கரையெங்கும் மீனவர் வலையையும் துடுப்பையும் அடகு வைத்து மாவு வாங்கி உண்டுவிட்டனர். அடுத்த பருவத்தில் மீன் வந்தது, வலை வரவில்லை. கரையில் கிடந்த சிப்பியும் பாசியும் சில வாரங்களில் தீர்ந்தன. அவர்கள் வாழ்ந்தது கடலோரத்தில். உயிரைக் கட்டியிருந்ததோ ஒரு துண்டு நிலத்தில்.

உதவி பல திக்கிலிருந்தும் வந்தது. முதலில் நிதி திரட்டியவற்றுள் நம் கல்கத்தா நகரும் ஒன்று. துருக்கி சுல்தான் அப்துல் மஜீது ஆயிரம் பவுன் அனுப்பினார். அவர் பத்தாயிரம் கொடுக்க முன்வந்ததாகவும், விக்டோரியா அரசியார் தந்த இரண்டாயிரத்தை விஞ்சலாகாது என்று குறைத்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. சுல்தான் ரகசியமாகத் தானியக் கப்பல்கள் அனுப்பினார் என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதையும் கேட்கிறோம். ஆயிரம் பவுனுக்குச் சான்று தெளிவாக இருக்கிறது. கப்பல்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. உள்ள சிறப்பே போதுமே! தாமே வறுமையில் உழன்ற அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களும் 1847இல் தம்மால் இயன்றதை அனுப்பினர்.

அக்கிலில் பாதிரியார் எட்வர்டு நாங்கில் 1830களில் நிறுவிய புராட்டஸ்டண்ட் குடியிருப்பும் உணவளித்தது. அவ்வுணவின் பொருட்டுச் சமயம் மாறியோர் என்று தூற்றப்பட்ட குடும்பங்களைச் ‘சூப்புக்காரர்’ என்று பல தலைமுறை வரை ஊரார் இகழ்ந்தனர். பசித்தவனுக்கு ஊட்டியது உண்மை. அவன் சமயத்தின் மேல் கண் வைத்ததும் உண்மை.

1847 கோடையில் அரசாங்கம் நாடெங்கும் கஞ்சித்தொட்டிகள் திறந்தது. நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேர் அவற்றில் உண்டனர். சாவு குறைந்தது. ஆனால் சில திங்களிலேயே தொட்டிகளை மூடிவிட்டு, இனி ஏழைகளின் பொறுப்பு உள்ளூர் வரியையே சாரும் என்று அரசு கைகழுவியது. அந்தச் சட்டத் திருத்தத்தில்தான் அன்றைய டப்ளின் நகர உறுப்பினராகிய இளைஞர் கிரிகரி தம் பிரிவைச் சேர்த்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் எவனும் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது. சொற்கள் இவ்வளவே. நிலமுள்ளவன் ஏழைகளின் பங்கைத் தின்னலாகாது என்பது அவர் தரப்பு நியாயம்.

ஆனால் மேயோவின் குடியானவன் முன் அது வைத்த தேர்வு யாது? நிலத்தை வைத்துக்கொண்டால் இன்று சாவு. நிலத்தை விட்டால் நாளை வாழ இடமில்லை. மேலும் ஒரு கண்ணி இருந்தது. ஆண்டு மதிப்பு நான்கு பவுனுக்கு மேற்படாத சிறு நிலங்களுக்குரிய வறியோர் வரியைப் பிரபுவே செலுத்த வேண்டும் என்பது முன்னரே இருந்த சட்டம். மேயோவில் பெரும்பாலான நிலங்கள் அத்தகையவை. சிறு குடிகளை ஒழித்தால் வரியும் ஒழியும். ஆகவே நிலத்தை ஒப்படைக்க வந்தவனிடம் வீட்டையும் கேட்டனர். ஒப்படைத்தவுடன் கூரையைப் பிரித்தனர். காஸில்பாரின் லூக்கன் பிரபு ஊர் ஊராகக் காலி செய்து, அந்நிலங்களைப் பெரும் மேய்ச்சல் பண்ணைகளாக்கினார். பின்னர் 1854இல் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

1849 மார்ச் 30ஆம் நாள் லூயிஸ்பர்க் என்னும் கடலோர ஊரில் நடந்ததை மட்டும் சற்று விரித்துரைப்போம். உதவி பெறத் தகுதியுடையோரைச் சோதிக்க அதிகாரிகள் வந்திருப்பதாகக் கேட்டு, பசித்தோர் பெருந்திரளாகக் கூடினர். அதிகாரிகளோ அன்றிரவு தங்குவதற்காகப் பன்னிரண்டு மைலுக்கு அப்பாலுள்ள டெல்ஃபி மாளிகைக்குச் சென்றுவிட்டனர். மறுநாள் காலை அங்கே வந்து நிற்காதவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும் என்றும் அறிவித்தனர். மலையிடுக்கில் டூலாக் ஏரியை ஒட்டிய வழியில், குளிர்க்காற்றில், அம்மக்கள் நடந்தனர். மாளிகையில் அவர்களுக்கு எதுவும் கிட்டவில்லை. திரும்பும் வழியில் பலர் வீழ்ந்தனர். எத்தனை பேர் என்பதில் ஒருமித்த கணக்கில்லை. அக்காலத்துக் கடிதம் ஒன்று சிலரையே சொல்கிறது. ஊரார் நினைவோ நூற்றுக்கணக்கில் சொல்கிறது. பெயர் எழுதப்படாமல் மாண்டவரைக் கடிதத்தை வைத்து எண்ணி முடிக்கலாமென்று நாம் நம்பவில்லை.

1851இல் மீண்டும் தலை எண்ணியபோது மேயோவில் ஏறத்தாழ 2,74,000 பேரே இருந்தனர். பத்து ஆண்டில் பத்தில் மூன்று பங்கு மறைந்தது.

கிரிகரி கொடியவரா? தம் சொந்தக் குடிகளிடம் அவர் பரிவோடு நடந்தார் என்றே அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். பின்னாளில் குதிரைப் பந்தயத்தில் பொருளிழந்து தம் நிலத்தின் பெரும்பகுதியை விற்கவும் நேர்ந்தது. நல்லியல்புள்ள ஒருவர், தாம் வாழ்ந்தறியாத வாழ்வுக்கு விதி வகுத்தார் என்பதே நமக்குத் தோன்றுகிறது. கொழும்புச் சிலையும் பொய்யன்று. டூலாக் பாதையும் பொய்யன்று.

விடை சொல்ல அந்த மண்ணே ஒருவரை ஈன்றது. 1846இல் மேயோவின் ஸ்ட்ரெய்டு என்னும் ஊரில் பிறந்த மைக்கேல் டேவிட், நான்கு வயதில் பெற்றோருடன் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பதினொரு வயதில் இங்கிலாந்தின் பஞ்சாலை ஒன்றில் வலக்கையை இழந்தார். அவர் முயற்சியால் 1879இல் காஸில்பாரில் மேயோ நில உரிமைச் சங்கம் தோன்றி, அதே ஆண்டில் நாடு தழுவியதாயிற்று. மறு ஆண்டு மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பிரபுவின் முகவரான தளபதி பாய்காட்டுடன் ஊரார் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் நிறுத்தினர். அவருடைய பயிரை அறுக்க வெளியிலிருந்து ஐம்பது ஆட்களும், அவர்களைக் காக்க ஆயிரம் படையினரும் வர வேண்டியதாயிற்று. நாம் கடைத்தெருவில் இன்று சாதாரணமாக வழங்கும் ‘பாய்காட்’ என்னும் சொல் மேயோவின் உழவர் உலகுக்கு அளித்தது.

1891இல் நெருக்கடி மாவட்டங்களுக்கென அரசு ஒரு வாரியம் அமைத்தது. அது 1895இல் கிளேர் தீவை வாங்கி, சிதறிய கீற்றுகளை ஒன்றுசேர்த்து, வேலி வகுத்துக் குடிகளுக்கே உரிமையாக்கிற்று. நிலம் கைக்கு வந்தது. ஆயினும் பிழைப்புக்கான பயணம் நிற்கவில்லை. 1894இல் ஸ்காட்லாந்து அறுவடைக்குச் செல்லவிருந்த அக்கில் இளையோர் ஏறிய படகு கிளூ விரிகுடாவில் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். திறப்பு விழாவுக்கு முன்பே அக்கிலுக்குச் சென்ற முதல் ரயில் அவர்கள் உடல்களைச் சுமந்தது. 1937இல் ஸ்காட்லாந்தின் கிர்க்கின்டிலாக் நகரில் கிழங்கு பறிக்கச் சென்ற பத்து அக்கில் இளைஞர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றி மடிந்தனர். அவ்வாண்டே அந்த ரயில் பாதையும் மூடப்பட்டது.

1971இல் மேயோவின் மக்கள் தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை எட்டவில்லை. 2022இல் அது ஏறத்தாழ 1,38,000. அந்தப் பழைய ரயில் தடத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகள் சைக்கிள் ஓட்டுகின்றனர். அதன் வழியே அக்கிலை அடைவோர் ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையிழந்த கல்வீடுகள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாக நிற்பதைக் காண்பர். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அவ்வீடுகளைச் சுற்றியுள்ள சரிவெங்கும் புல்லுக்கடியில் கிழங்கு மேடுகளின் வரிகள் தெரியும்.