அவோலாக் கறுப்பு

பலர்மோவில் உணவகங்களில் வேலை செய்த நம்மவர்களுக்கு 'நேரோ டாவோலா' என்ற பெயர் புதிதல்ல. அவோலாக் கறுப்பு என்பது அதன் பொருள். இன்று சிசிலியில் மிக அதிகமாகப் பயிராகும் கறுப்புத் திராட்சை இதுதான். அவோலா, தீவின் தென்கிழக்கில் சிராகூசாவுக்குத் தெற்கேயுள்ள கடலோரப் பட்டினம். 1693ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் மேட்டுநிலத்திலிருந்த பழைய அவோலா அழிந்துபோக, கடற்கரைச் சமவெளியில் புதிய ஊரைக் கட்டினார்கள். ஆக, அவோலாவே இடம்பெயர்ந்த ஊர்.

ஆனால் இத்தாலிய அரசின் கொடிவகைப் பதிவேட்டில் இந்தத் திராட்சைக்குள்ள பெயர் 'கலாப்ரேசே'. கலாப்ரியாக்காரன் என்று அர்த்தம். கலாப்ரியாவோ மெசீனா நீரிணைக்கு அப்பாலுள்ள வேறு மாநிலம். இந்தப் பெயர் வந்ததற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சிசிலிப் பேச்சில் 'கலாவுலீசி' என்றால் அவோலாத் திராட்சை. அந்தப் பேச்சை அறியாதவர்கள் அதை இத்தாலிய மொழிக்குத் திருத்தி எழுதியபோது அவோலா கலாப்ரியாவாகிவிட்டது என்பது அந்த விளக்கம். பலர்மோவை அடுத்த மிசில்மேரியில் பிரபு ஒருவரின் தோட்டத்தைப் பராமரித்த துறவி பிரான்செஸ்கோ குப்பானி, 1696இல் வெளியிட்ட தாவர நூலில் இதனைக் 'கலவ்ரீசி' என்றே பதிந்தார். குழப்பம் அவ்வளவு பழையது.

பெயர் இப்படி இடம்மாறுவது நமக்கு விளங்காததல்ல. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. அதே சொல்லைத் தமிழகத்தில் சொன்னால் கசுக்கொட்டையைத் தருவார்கள்.

யாழ்ப்பாணத்து முந்திரிகை பந்தலில் படரும். அவோலாப் பக்கத்திலோ கொடியைக் குட்டையாக வெட்டி, பந்தலின்றிச் சிறு பற்றைபோல வளர்ப்பது பழைய முறை. மழை குறைந்த நிலத்துக்கு அது ஏற்றது. கடும் வெய்யிலில் இனிப்பு ஏறினாலும் இந்தப் பழம் புளிப்பை இழந்துவிடுவதில்லை. வைனின் நிறமும் அடர்த்தியானது, மதுச்சத்தும் கூட.

இந்தக் குணங்களே அதற்கு வினையாயின. பிரான்சிலும் வட இத்தாலியிலும் வைன் வெளிறிப்போன ஆண்டுகளில், அதற்கு நிறமும் பலமும் ஊட்ட இந்தச் சிசிலி வைன் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. கலந்தபின் போத்தலில் ஒட்டிய பெயர் வாங்கியவரின் ஊர்ப்பெயர். பலம் கொடுத்த அவோலாவுக்கு அங்கே இடமில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது பலர்மோப் பகுதியிலிருந்துதான். 1824இல் தொடங்கிய 'டூக்கா டி சலபரூத்தா' நிறுவனம், கஸ்தெல்தாச்சாவிலுள்ள தன் வைன் சாலையில், 1984ஆம் ஆண்டு அறுவடையைக் கொண்டு வேறு திராட்சை கலவாத நேரோ டாவோலா ஒன்றைச் செய்து போத்தலில் அடைத்தது. பிறகு பலரும் பின்தொடர்ந்தார்கள். 2005இல், நேரோ டாவோலாவும் பிரப்பாத்தோவும் கலந்த 'செரசுவோலோ டி வித்தோரியா', இத்தாலிய வைன்களுக்கான மிக உயர்ந்த தரச்சான்றைப் பெற்றது. சிசிலியில் வேறெந்த வைனும் அதற்குமுன் அதைப் பெற்றதில்லை.

பதிவேட்டில் கலாப்ரேசே இன்னும் இருக்கிறது. போத்தலில் அவோலா இருக்கிறது. ஊரைத் திரும்பப் பெறுவதற்கு அந்தக் கொடிக்கு வேண்டியிருந்தது, தன் சாற்றைத் தன் பெயரில் விற்க முன்வந்த ஒருவர்தான்.