நேட்டால் ஓப்பன்: மழையில் வாங்கிய கோப்பை

 

முதல்லயே ஒத்துக்கறேன், எனக்கு கோல்ஃப் தெரியாது. அந்த மட்டையைக் கையால தொட்டதுகூட இல்ல. போன வாரம் நைட் டியூட்டி. விடிகாலை மூணு மணிக்கு வார்டு அடங்கினப்புறம் போன்ல ஒரு பழைய போட்டோ கண்ணுல பட்டுச்சு. கொட்டுற மழையில ஒருத்தர் நின்னு கோப்பை வாங்கறார். முகத்தைப் பார்த்தா நம்ம ஊர் ஆள் மாதிரியே இருக்கார். இடம் தென்னாப்பிரிக்காவோட டர்பன் நகரம், வருஷம் 1963, போட்டி நேட்டால் ஓப்பன். நடுவுல ரெண்டு கேஸ் வந்துச்சு. பார்த்துட்டு வந்து மறுபடி தேடிப் படிச்சேன்.

நேட்டால் ஓப்பன் உலகப் புகழ் பெற்ற போட்டியெல்லாம் இல்ல. நேட்டால்னு ஒரு மாகாணம், இப்ப குவாசுலு-நேட்டால்னு பேரு. அங்க நடந்த ஒரு சின்ன ப்ரொஃபஷனல் போட்டி. உள்ளூர்ல மதிப்பு உண்டு, கேரி ப்ளேயர் மாதிரி பெரிய ஆளுங்களே வந்து விளையாடி பல தடவை ஜெயிச்சிருக்காங்க. ஆனா அந்த நாட்டுக்கு வெளியே யாருக்கும் பெருசா தெரியாது. 1963, 1965 ரெண்டு வருஷமும் ஜெயிச்ச பேரைப் பார்த்தா மட்டும் கண்ணு நிக்கும்: செவ்சங்கர் செவ்கோலம்.

செவ்சங்கர்னா நம்ம சிவசங்கர்தான். எழுதின வெள்ளைக்காரங்க வாயில நுழைஞ்ச மாதிரி எழுதிட்டாங்க. ஊர்ல கூப்பிட்ட பேரு பாப்வா.

டர்பன்ல இந்தியர்கள் எப்படி வந்தாங்கன்னு கேட்டீங்கன்னா, 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ'ங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டுப் போய் அங்க இறக்குச்சு. கரும்புத் தோட்ட வேலைக்கு. அப்புறம் ஐம்பது வருஷம் மெட்ராஸ்ல இருந்தும் கல்கத்தால இருந்தும் கப்பல் போய்க்கிட்டே இருந்துச்சு. பாப்வாவோடது வடக்கத்திப் பேரு. ஆனா டர்பன் இந்தியர்கள்ல நிறைய பேர் தமிழ் வம்சாவளிங்கறதால, அவர் கதை அங்க இருக்கிற நம்மாட்களோட கதையும்தான்.

பாப்வா பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாது. மலைவேம்புக் குச்சியை மட்டையாக்கி விளையாடக் கத்துக்கிட்டார். பிழைப்புக்கு கேடி வேலை. அதாவது, துரைமார் விளையாடும்போது பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே நடக்கிற வேலை.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால பிடியே தலைகீழா அமைஞ்சிடுச்சு. வலது கைக்காரங்க இடது கையை மேல, வலது கையைக் கீழ வெச்சுத்தான் மட்டையைப் பிடிப்பாங்க. இவர் வலது கையை மேல வெச்சு, இடது கையைக் கீழ கொண்டுவருவார். சின்ன வயசுல உடம்பு பழகின அசைவை மூளை அவ்வளவு சீக்கிரம் விட்டுக் கொடுக்காது. இவர் மாத்திக்கவும் இல்ல.

இங்க ஒரு ஆச்சரியம். "டாக்டர், முகத்துக்கு என்ன க்ரீம் போடலாம்?"னு ஓபில தினம் யாராவது கேப்பாங்க. ஓலேன்னு ஒரு க்ரீம் இருக்குல்ல, அது பிறந்த ஊர் டர்பன்தான். 1950கள்ல அதை உருவாக்கினவர் கிரஹாம் வுல்ஃப்ங்கிற வெள்ளைக்கார வேதியியலாளர். பாப்வாவோட ஆட்டத்தைப் பார்த்துட்டு, 1959ல தன்னோட சொந்த விமானத்துலயே ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போனார். அந்த வருஷமே பாப்வா டச்சு ஓப்பன் ஜெயிச்சார். 1960ல மறுபடி, 1964ல மூணாவது தடவை.

ஒரு நாட்டோட ஓப்பனை ஜெயிச்சவர் சொந்த ஊர்ல விளையாட அரசாங்கத்துக்கிட்ட பர்மிட் வாங்கணும். நிறவெறிச் சட்டப்படி மைதானம் இருக்கிற இடம் வெள்ளையர் பகுதி. 1963ல பர்மிட் கிடைச்சுது. ஆனா அது புல்தரைக்கு மட்டும்தான். க்ளப் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. துணி மாத்தறது, சாப்பிடறது எல்லாம் வெளியேதான்.

போட்டி நடந்தது டர்பன் கன்ட்ரி க்ளப்ல. வெள்ளைக்கார ஆட்டக்காரங்க எல்லாரையும் முந்தி பாப்வா ஜெயிச்சுட்டார். அப்பப் பார்த்து மழை. அதிகாரிகளும் தோத்தவங்களும் கட்டடத்துக்குள்ள. ஜெயிச்சவர் வெளியே. நான் பார்த்த போட்டோ அந்த நிமிஷம் எடுத்தது.

அது உலகப் பத்திரிகைகள்ல எல்லாம் வந்துச்சு. நிறவெறி மோசம்னு பக்கம் பக்கமா எழுதினா படிக்காதவங்ககூட, சாம்பியனை மழையில நிக்க வெச்சதைப் பார்த்தா ஒரு செகண்ட்ல புரிஞ்சுக்குவாங்க. தென்னாப்பிரிக்காவை விளையாட்டுல ஒதுக்கணும்ங்கிற குரல் அப்பவே கேட்டுக்கிட்டு இருந்துச்சு, இந்த போட்டோ அதுக்கு வலு சேர்த்துச்சு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல அந்த நாட்டைச் சேர்க்கல. காரணம் இது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன்.

1965. மறுபடி நேட்டால் ஓப்பன், மறுபடி பாப்வா. இந்தத் தடவை தோத்தது கேரி ப்ளேயர். அதே வருஷம் யு.எஸ். ஓப்பனை ஜெயிச்சு, நாலு பெரிய பட்டங்களையும் முடிச்ச ஆள் அவர். நாட்டோட தலைசிறந்த வெள்ளைக்கார வீரரை, மலைவேம்புக் குச்சியில பழகின ஒரு கேடி ஜெயிச்சுட்டார்.

அதோட கதவைச் சாத்திட்டாங்க. உள்ளூர்ப் போட்டிகள்ல விளையாடத் தடை. பாஸ்போர்ட்டையும் பறிச்சதால ஹாலந்துக்கும் போக முடியல. வருஷா வருஷம் தோத்துக்கிட்டே இருந்திருந்தா பர்மிட் கிடைச்சுக்கிட்டே இருந்திருக்கும்ங்கறது என் எண்ணம். "பாருங்க, நாங்க விளையாட விடறோமே"னு வெளியே காட்டிக்க அவங்களுக்கும் ஒரு ஆள் வேணும்ல.

கேரி ப்ளேயரைப் பத்தியும் சொல்லணும். 1966ல எழுதின புத்தகத்துல நிறவெறிக் கொள்கையை ஆதரிச்சார். 1969ல அமெரிக்காவுல விளையாடும்போது போராட்டக்காரங்க அவர்மேல ஐஸை வீசினாங்க. 1971ல கறுப்பின வீரர் லீ எல்டரைத் தன் நாட்டுக்கு விளையாடக் கூப்பிட்டார். பழைய பேச்சு தப்புன்னு பின்னாடி சொல்லவும் செஞ்சார். மனுஷன் மாறினார், சரி. அதுக்குள்ள பாப்வாவோட நல்ல வருஷங்கள் போயிடுச்சு.

1978ல பாப்வா மாரடைப்புல இறந்தார், வறுமையில. ஐம்பது வயசைத் தொடல. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மத்தவங்களைவிட அஞ்சு பத்து வருஷம் முன்னாடியே வருதுன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். கடல் கடந்து போனவங்க வம்சத்துலயும் அது தொடருது. அதுக்காக பாப்வா சாவை சர்க்கரை, கொழுப்புன்னு எழுதி ஃபைலை மூட எனக்குக் கை வரல. தெரிஞ்ச ஒரே தொழிலைப் பண்ண விடாம பத்து வருஷத்துக்கு மேல வீட்ல உட்கார வெச்சதை இறப்புச் சான்றிதழ்ல எந்தக் கட்டத்துல எழுதறது?

டர்பன்ல ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம், உம்கேனி ஆத்தங்கரையில மாநகராட்சியோட ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கு. அதுக்கு இப்ப பாப்வா செவ்கோலம் பேரு. கையைத் தலைகீழா வெச்சுப் பிடிக்கிறாரே, அந்தப் பிடிக்கும் அவர் பேரையே வெச்சு செவ்கோலம் பிடின்னு சொல்றவங்க உண்டு.